பட்டை உரித்த விறகு: தோட்டத்து அடுப்பின் வரலாறு



ரப்பரின் வரலாறு என்றால் பாடப் புத்தகத்தில் படித்ததுதான் நம் நினைவுக்கு வரும். விதை எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார், எத்தனை ஏக்கர் நட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தத் தோட்டங்களிலே ஆயிரமாயிரம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டனவே, அந்த அடுப்புகளில் எரிந்தது எது? அந்த விறகை யார் வெட்டினார்கள், யார் உரித்தார்கள், யார் காய வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாடத்தை நான் பார்த்ததில்லை.

"விறகு கூட ஒரு வரலாறா?" என்று சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். ஒரு விறகுக் கட்டையின் பட்டையை உரிப்பதில் எத்தனை விஷயம் இருக்கிறது, அதில் எத்தனை பேருடைய உழைப்பும் அறிவும் கலந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

பட்டைதான் சோறு போட்டது

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் நடப்பட்டன. 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு காடெல்லாம் தோட்டமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள்.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி என்பவர்தான் மரத்துக்குக் கேடில்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தென் அமெரிக்காவில் மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். ரிட்லியோ பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சீவி எடுத்தார். அதே வெட்டை மறுபடியும் மறுபடியும் சீவினால் பால் கூடுதலாக வரும் என்றும் காட்டினார்.

பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, மிக மெல்லிய வளர்தோல் ஒன்று உண்டு. புதுப் பட்டையையும் புது மரத்தையும் உண்டாக்குவது அதுதான். உளி அந்தத் தோலைத் தொடக்கூடாது. தொட்டால் மரத்தில் காயம் விழும், புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், மறுபடி வெட்ட முடியாது. ஆகவே வளர்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் உளியை நிறுத்த வேண்டும். அதுவும் விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில்! "நம்ம வேலைக்கு என்னய்யா படிப்பு வேணும்?" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. ஒரு மில்லிமீட்டரைக் கையாலே அளந்தவர்கள் பேசுகிற பேச்சா அது!

தோட்டத்திலே "மரம் வெட்டப் போறேன்" என்றால் மரத்தைச் சாய்க்கப் போவதாகப் பொருள் அல்ல, பால் எடுக்கப் போவதாகத்தான் பொருள். உயிரோடு இருக்கும்வரை அந்த மரத்தின் பட்டையைக் கண் போலக் காத்தார்கள். மரம் விழுந்த பிறகோ, அதே கைகள் முதல் வேலையாக அந்தப் பட்டையைத்தான் உரித்துப் போட்டன. ஏன்?

விழுந்த மரம் விறகானது

ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். பால் குறையும், வெட்டுவதற்குப் பட்டையும் இருக்காது. அப்போது அதைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். 1952ஆம் ஆண்டில் மலாயாவில் மறுநடவு நிதிச் சட்டம் வந்த பிறகு பழைய மரங்கள் ஏராளமாக விழுந்தன. அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தை யாரும் மரமாக மதிக்கவில்லை. மேசை செய்யவும் ஆகாது, வீடு கட்டவும் ஆகாது, எரிக்கத்தான் ஆகும் என்றார்கள்.

எரிக்க மட்டும் நிறைய இடம் இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக் கூடத்தில் தொங்கவிட்டு நான்கைந்து நாள் உலர்த்துவார்கள். அதற்கு விறகு வேண்டும். செங்கல் சூளைக்கும் புகையிலை பதப்படுத்தவும் வேண்டும். பிறையில் 1967ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, ரப்பர் மரக் கரியைப் போட்டே இரும்பு உருக்கியது. நாட்டின் கட்டடங்களுக்குப் போன இரும்புக் கம்பியிலும் நம்முடைய பால் மரத்துச் சூடு இருந்தது!

இவற்றோடு லயத்து அடுப்பும் எரிந்தது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஸ்டோருக்குப் புகை வேண்டும். புகை பட்டால்தான் ஷீட்டில் பூசணம் பிடிக்காது. ஆகவே அங்கே கொஞ்சம் ஈரக் கட்டை இருந்தாலும் நஷ்டமில்லை. வீட்டு அடுப்புக்கோ புகை ஆகாது. ஒரே மரத்து விறகுதான். ஆனால் ஸ்டோருக்கு ஒரு பக்குவம், வீட்டுக்கு ஒரு பக்குவம்.

பட்டையை ஏன் உரித்தார்கள்?

பச்சை ரப்பர் மரத்தில் தண்ணீர் அதிகம். பத்துக் கிலோ பச்சை விறகைத் தலையில் தூக்கினால், அதில் ஏறக்குறைய நான்கு கிலோ வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகுதான் மரம் நன்றாகப் பற்றும். அதுவரை அடுப்பின் சூடு சோற்றுப் பானைக்குப் போகாமல் விறகுக்குள் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாகக் கிளம்பும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் எரிவதுதான் மிச்சம்.

இந்தத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பது பட்டை. உயிருள்ள மரம் காய்ந்து போகாமல் காப்பதற்கென்றே இயற்கை அதைப் படைத்திருக்கிறது. மரம் செத்த பிறகும் பட்டை தன் வேலையை விடுவதில்லை! முழுக் கட்டையைப் பட்டையோடு போட்டால் இரண்டு முனைகளின் வழியாகத்தான் காயும். உரித்துப் பிளந்து போட்டால் நான்கு பக்கமும் காற்றுப் படும்.

இரண்டாவது காரணம் பூச்சியும் பூசணமும். ரப்பர் மரத்தில் மாவுச் சத்து நிறைய உண்டு. மரம் சாய்ந்த ஓரிரு நாளில் நீலக் கறை பிடிக்கும். அது ஒருவகைப் பூஞ்சணம். சில நாளில் துளை வண்டு இறங்கிவிடும். பட்டைக்கு அடியில் உள்ள ஈரமும் இருட்டும் அவற்றுக்கு மாமியார் வீடு மாதிரி. தரையைத் தொட்டுக் கொண்டிருந்தால் கரையானும் ஏறும்.

மூன்றாவது காரணம் பால். ரப்பர் மரத்துப் பட்டையிலே ஒட்டியிருக்கும் பால் காய்ந்தால் ரப்பர்தானே! அடுப்பில் வைத்தால் கரும்புகையும் நாற்றமும் வரும், பானை அடி கரி பிடிக்கும். பாத்திரம் துலக்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆகவே மரம் பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரிக்க வேண்டும். அப்போது பாராங் கத்தியின் முதுகால் தட்டினாலே நீளநீளமாகக் கழன்று வரும். காய்ந்துவிட்டால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். உரித்த கட்டையைக் கோடாலியும் ஆப்பும் வைத்துப் பிளந்து, இரண்டு கழிகளையோ கற்களையோ அடியில் போட்டு, தரையைத் தொடாமல் அடுக்க வேண்டும். மேலே தகரம் வேண்டும். பக்கங்களை மட்டும் மூடக்கூடாது. மூடினால் காற்றுப் போகாது, விறகு வேகும், காயாது. உரிக்க நேரமில்லாமல் பட்டையோடு அடுக்குகிறவர்கள் மேல் வரிசையில் பட்டை மேற்புறம் இருக்கும்படி வைப்பார்கள். மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். வேண்டாத பட்டைக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள் பாருங்கள்.

வெளிறும் வைரமும்

பட்டையோடு கதை முடியவில்லை. பட்டைக்கு உள்ளே இருக்கிற வெளிமரத்தையும் செதுக்கிப் போடும் வழக்கம் உண்டு. இதைப் புரிந்துகொள்ள நம் தமிழே உதவுகிறது.

மரத்தின் வெளிப்பக்கத்தில் வெளுத்து, மென்மையாக இருப்பது வெளிறு. நடுவில் கறுத்து, இறுகி இருப்பது வைரம். "வைரம் பாய்ஞ்ச கட்டை" என்று வயதான உழைப்பாளியைச் சொல்கிறோமே, அந்த வைரம்தான். காட்டு மரங்களான செங்கால், மெர்பாவ் போன்றவை விழுந்து மண்ணில் கிடந்தால், வெளிறு முதலில் உளுத்துப் பஞ்சு போலாகும். வைரம் பல ஆண்டு கெடாமல் கிடக்கும். உளுத்த வெளிறு மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அதை வீட்டுக்குக் கொண்டு வந்தால் கரையானையும் கூடவே கொண்டு வந்ததாகும். ஆகவே காட்டோரத்தில் விறகு பொறுக்கப் போனவர்கள் உளுத்ததை அங்கேயே கொத்தித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டையை மட்டும் எடுத்து வந்தார்கள். சுமையும் குறையும், சூடும் கூடும்.

ரப்பர் மரத்தில் இந்த வித்தை பலிக்காது. அதில் தனியாக வைரம் என்று ஒன்று தெரிவதில்லை, முழுவதும் வெளிறு நிறம்தான். வெளியே உளுத்தால் உள்ளேயும் உளுக்கும். ஆகவே ரப்பர் விறகைச் சீக்கிரம் உரித்து, சீக்கிரம் காய வைத்து, சீக்கிரம் எரித்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தால் உளுத்து மாவாகக் கொட்டும்.

மாணவர்களே, தொல்காப்பியத்தின் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே வைரம் உள்ளவை மரம், வெளியே வைரம் உள்ளவை புல். அகக்காழ், புறக்காழ் என்பவை அதற்குரிய சொற்கள். தென்னையும் பனையும் இரண்டாவது வகை. வெளியேதான் உறுதி, உள்ளே சோறு போல இருக்கும். இப்போது நம் தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாக நிற்கிற செம்பனையும் அந்த வகைதான். அதன் தண்டில் உரிப்பதற்குப் பட்டையும் இல்லை, அடுப்புக்கு ஆகும் வைரமும் உள்ளே இல்லை. தண்ணீர் ஊறிய நார்தான். இத்தனை நூற்றாண்டுக்கு முன்னே செய்த பாகுபாடு இன்று நம் வாசலில் நிற்கிற மரத்துக்கும் பொருந்துகிறதே!

போர்ட் வெல்டில் அடித்து உரித்த மரம்

பட்டை உரிக்கும் வேலை ரப்பர்த் தோட்டத்தில் மட்டும் நடந்ததல்ல. பேராக்கின் கடலோரத்திலே மாத்தாங் சதுப்புக் காடு இருக்கிறது, ஏறக்குறைய 40,000 ஹெக்டர். மலாய்க்காரர் பாக்காவ் என்று சொல்லும் மரம் அங்கே வளர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்தக் காட்டைத் திட்டம் போட்டு வெட்டுகிறார்கள். ஓர் இடத்தில் வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பாக்காவ் கட்டையைக் கரி சுடுவதற்கு முன்னே பட்டையை அடித்து உரித்துவிடுவார்கள். பட்டையில் சாம்பல் அதிகம், அது நல்ல கரி ஆகாது. உரித்த கட்டைகளைச் செங்கல் சூளைக்குள் நிற்க வைத்து மூட்டம் போடுவார்கள். சுமார் 40 டன் பச்சைக் கட்டை போட்டால் ஒரு மாதம் கழித்துச் சுமார் 10 டன் கரி கிடைக்கும். பாக்காவ் பட்டையும் வீணாகவில்லை. அதன் சாயத்தில் மீனவர்கள் வலைகளைத் தோய்த்தார்கள், தோல் பதனிடவும் அது பயன்பட்டது.

இந்தக் கரி ஊருக்கு இன்று கோலா செப்பெத்தாங் என்று பெயர். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே எட்டு மைல் தூரம் ஓடியது. தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் பழைய ஸ்டேஷன் பலகை இன்னும் நிற்கிறது. அதில் நான்கு மொழிகளில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது, நான்கில் ஒன்று தமிழ். பெற்றோர்களே, பிள்ளைகளைத் தைப்பிங் பக்கம் அழைத்துப் போனால் அதைக் காட்டிவிட்டு வாருங்கள்.

விறகே எரிபொருளான நாட்கள்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. லாரியும் பஸ்ஸும் கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் ஓடின. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் ஓடிய எஞ்சின்களும் விறகு தின்றன. காட்டில் அந்த விறகை வெட்டிக் குவிக்கவும் கைதிகளையும் கூலிகளையும்தான் ஏவினார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தங்கள் வீட்டு அடுப்புக்கு விறகு வெட்டிய கைகள், முன்பின் தெரியாத காட்டில் யாருக்கோ விறகு வெட்டி ஓய்ந்தன.

அடுத்து 1948இல் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. பல லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, சோதனை. விறகுக்குப் போனாலும் அனுமதித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். விறகைக் காய வைத்துச் சேமித்திருந்த வீடு பிழைத்தது.

அடுப்புக்குக் கொடுத்த விலை

பழைய காலத்தை அழகாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. விறகு இலவசமாக வந்ததாகச் சொல்வார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் நம் தாய்மார்கள்.

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பெரட்டுக்கு ஓடி, மத்தியானம் வரை பால் வெட்டிச் சுமந்து, திரும்பும்போது தலையில் ஒரு விறகுக் கட்டு. உரிப்பதும் பிளப்பதும் சாயங்கால வேலை. மழைக்காலத்தில் ஈர விறகோடு போராட்டம். சின்ன அடுப்படியில் நிறைந்த புகையைத் தாயும், அவள் இடுப்பில் இருந்த பிள்ளையும் சுவாசித்தார்கள். விறகுப் புகை மார்புச் சளியையும் மூச்சு நோயையும் கொண்டு வரும், கண்ணையும் கெடுக்கும் என்று இன்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். "வயசாயிடுச்சு, கண்ணு மங்கிப் போச்சு" என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, வயசு மட்டுமா காரணம்?

இன்னொரு ஆபத்தும் இருந்தது. மறுநடவுக்கு முன் பழைய மரங்களைச் சுற்றிப் பட்டையை வெட்டி, சோடியம் ஆர்சனைட் என்னும் கடும் விஷத்தை ஊற்றிச் சாகடிக்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. ஆர்சனிக் நெருப்பில் அழியாது. புகையிலும் சாம்பலிலும் வெளியே வரும். சாம்பலால் பல் விளக்கி, சாம்பலால் பாத்திரம் துலக்கிய காலம் அது. இப்படிப்பட்ட மரம் எது, நல்ல மரம் எது என்று அறிந்து ஒதுக்குவதும் விறகு பொறுக்குகிறவர் தலையில்தான் விழுந்தது.

பிள்ளைகளும் இதில் பட்டார்கள். விறகுக்குப் போன பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராது. மண்ணெண்ணெய் அடுப்பும், பிறகு கேஸ் அடுப்பும் வந்தபோது தாய்மார்களுக்குக் கிடைத்தது வெறும் வசதி மட்டுமல்ல. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரமும் கிடைத்தது. "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்பார்கள். இங்கே எரிகிற விறகைப் பிடுங்கிய பிறகுதான் பல வீடுகளில் படிப்பு கொதிக்க ஆரம்பித்தது!

எரித்த மரம் ஏற்றுமதியானது

இனி, இந்தக் கதையின் கடைசிப் பகுதி. எரிக்கத்தான் ஆகும் என்று ஒதுக்கிய அதே ரப்பர் மரம், 1970களின் இறுதியிலிருந்து மேசை நாற்காலியாக மாறியது. இன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள வீடுகளில் மலேசிய ரப்பர் மரத்து நாற்காலிகள் இருக்கின்றன.

மரம் மாறியதா? இல்லை. அதே வெளிறு, அதே மாவுச் சத்து, அதே நீலக் கறை, அதே துளை வண்டு. ஆராய்ச்சியாளர்கள் செய்தது என்ன? சாய்த்த சில நாட்களுக்குள்ளே மரத்தை அறுத்தார்கள். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றினார்கள். பிறகு சூளையில் உலர்த்தினார்கள். தாமதிக்காதே, ஈரத்தை வெளியேற்று, பூச்சிக்கு இடம் கொடாதே. யோசித்துப் பாருங்கள். போரான் உப்பைத் தவிர மற்ற பாடமெல்லாம் லயத்து விறகு அடுக்கிலே முன்பே இருந்தது.

இருந்தும், அந்த அறிவு நமக்குப் பணமாகவில்லை. ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் இருந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத அறிவை மற்றவர்கள் அறிவாக மதிப்பதில்லை, நாமும் மதிக்க மறந்துவிட்டோம். ஸ்டோர்கள் மூடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் காலியாயின. வெளியேறிய குடும்பங்களோடு அந்த அறிவும் சொல்லாமலே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் போய் உட்காருங்கள். எந்த மரம் நன்றாக எரியும், எது புகையும், பட்டையை எப்போது உரிக்க வேண்டும், மழைக்காலத்தில் விறகை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் என்னத்துக்கு இப்போ?" என்பார்கள். விடாதீர்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த நோட்டுகள் சேர்ந்தால் நம் பள்ளியின் நூலகத்திலே ஒரு தோட்ட வரலாறு உண்டாகும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைக்குக் கைதட்டுங்கள். பரிசு வாங்காத பிள்ளையை, "இது ஒண்ணுக்கும் உதவாத கட்டை" என்று மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். ஒன்றுக்கும் உதவாத கட்டை என்று பல ஆண்டு எரித்த மரத்துக்கு என்ன ஆயிற்று என்று இப்போதுதானே படித்தீர்கள்!

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!